துண்டுகளும் முழுமையும்: மாதிரிப் போர்வை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

கலை, கைவினை, பொழுதுபோக்கு என மனிதரின் ஆக்கச் செயற்பாடுகளைத் தரம் பிரித்து நோக்கும் வழக்கம் இயல்பானதொன்று போலத் தோன்றினும், அது வரலாற்றின் குறித்ததொரு கட்டத்தில் உருவானதேயாகும். பெயர் பொறித்த தனிமனிதன் ஒருவனால் ஆக்கப்பட்டுச் சந்தையில் விலைபெற்று அருங்காட்சியகத்திற் பேணப்படுவது கலை எனவும், பெயரறியாப் பலராற் பயன்பாட்டுக்கென ஆக்கப்படுவது கைவினை எனவும், வீட்டினுள்ளே, பெரும்பாலும் பெண்களால், ஊதியமின்றிச் செய்யப்படுவது பொழுதுபோக்கு எனவும் கொள்ளப்படுகின்றன. இப்பாகுபாட்டில் ஆக்கப்பட்ட பொருளின் இயல்பைவிட ஆக்கியோரின் சமூக நிலையே தீர்க்கமான பங்கு வகிக்கின்றது என்பது ஊன்றி நோக்குவோர்க்குப் புலனாகும்.

இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்டது அத்தகைய 'பொழுதுபோக்கு' ஒன்றாகும். சிறு துணித்துண்டுகளைப் பொருத்தித் தைத்துப் போர்வையின் மேற்பரப்பை ஆக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே பெருவழக்குப் பெற்றது. குவில்ற் என வழங்கும் இப்போர்வைகளுள், ஒவ்வொரு கட்டமும் வெவ்வேறு கோலத்தில் அமையுமாறு ஆக்கப்படும் வகை சாம்ப்ளர் எனப்படும். மாதிரிப் போர்வை என நாம் அதனை இங்கு வழங்குவோம். வீட்டுத் தையலாக இக்கலையைப் பயிலப் புகுவோர் பலரும் இன்றும் முதலிற் செய்து பழகுவது இதனையேயாம்.

இதனை நோக்குவதில் இருவேறு நிலைப்பாடுகள் உள. வடிவமும் வண்ணமும் தரும் காட்சியின்பத்தை மட்டுமே கருத்திற்கொள்ளும் உருவவாத நிலைப்பாடு ஒன்று. ஓய்வு வாய்க்கப்பெற்ற நடுத்தர வர்க்கத்துப் பெண்களின் காலக்கழிப்பு என ஒரு சொல்லில் ஒதுக்கிவிடும் எளிமைப்பட்ட இடதுசாரி நிலைப்பாடு மற்றையது. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இவ்விரண்டும் ஓர் அம்சத்தில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே அப்போர்வையில் உறைந்துள்ள உழைப்பை நோக்குவதில்லை. மாதிரிப் போர்வை என்பது ஒரு பொருள் என்பதைவிட, சமூகத் தேவை மறைந்த பின்னரும் எஞ்சி நின்ற உழைப்பறிவின் தொகுப்பு என்பதே எமது கருத்து. அதன் பெருமையும் வரையறையும் இவ்வுண்மையிலேயே அடங்கியுள்ளன என்பதை நிறுவ முயல்வோம்.

2

முதலில் உருவத்தை நோக்குவோம். குவில்ற் மூன்று படைகளைக் கொண்டது. துண்டுகள் பொருத்திய மேற்றுணி, நடுவிலே மெல்லிய பஞ்சுப் படை, அடித்துணி ஆகிய மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒன்றாகப் பிணைக்கின்றது. மேற்றுணி பெரும்பாலும் சதுரக் கட்டங்களால் ஆயது. பக்கமொன்று பன்னிரண்டு அங்குலமாக அமைவது பெருவழக்கு. சாதாரண குவில்ற்றில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். மாதிரிப் போர்வையில் எந்தக் கோலமும் இருமுறை வருவதில்லை. கட்டங்களுக்கிடையே ஒரேவகைத் துணியிலான பட்டிகளை வைத்து அவற்றை ஒருமைப்படுத்துவர்.

கட்டங்களின் வரிசைமுறையில் ஒரு பாடத்திட்டம் உண்டு. ஒன்பது சதுரங்களாலான எளிய கட்டம் நேர்த்தையலைப் பயிற்றுகிறது. ஒகையோ நட்சத்திரம் எனப்படும் கட்டம் முக்கோணங்களைப் பயிற்றுகிறது. துணியை மூலைவாட்டாக வெட்டினால் விளிம்பு இழுபட்டு அளவு கெடும் என்பதை ஏட்டறிவால் அன்றி விரல்நுனியாலேயே கற்கவேண்டும். மூன்றங்குல முக்கோணச் சோடி ஒன்று வேண்டுமெனில் சதுரத்தை 3 7/8 அங்குலமாக வெட்டி மூலைக்கு மூலை பிளக்கவேண்டும் என்ற கணக்கும் அங்கேயே அறியப்படுகின்றது. நடுச்சதுரத்தைச் சுற்றிப் பட்டிகளை அடுக்கும் மரக்குற்றிக் குடில், வளைகோட்டுத் தையலை வேண்டும் குடிகாரன் பாதை, எட்டுச் சாய்சதுரங்கள் ஒரு புள்ளியிற் கூடும் நட்சத்திரம் என ஒவ்வொன்றும் முன்னையதிலும் கடினமானதொரு பாடமாகும்.

இங்கு மனங்கொள்ளத்தக்க நுட்பமொன்றுண்டு. தையலின் ஓரம் கால் அங்குலம் என்பது விதி. தையற்கோடு 1/16 அங்குலம் உள்வாங்கினால் இரு துணிகளின் ஓரமும் சேர்ந்து 1/8 அங்குலம் குறையும். ஒரு வரிசையில் மூன்று துண்டுகளும் இரு தையல்களும் மட்டுமே கொண்ட கட்டம் இதனாற் கால் அங்குலம் சுருங்கும். ஆறு துண்டுகளும் ஐந்து தையல்களும் கொண்டது 5/8 அங்குலம் சுருங்கும். ஒரே கோலம் திரும்ப வரும் போர்வையிற் பிழை எல்லாக் கட்டங்களிலும் ஒரே அளவினதாக இருப்பின் அது வெளித்தெரியாது. மாதிரிப் போர்வையிலோ அவ்வாறு மறைய வழியில்லை. வேறுபட்ட கட்டங்கள் அருகருகே நின்று பொருந்தவேண்டுமாயின் ஒவ்வொன்றும் தன்னளவிற் சரியாக இருத்தல் வேண்டும். வேற்றுமையைக் காத்துக்கொண்டே முழுமையை எய்துதல் என்ற அழகியற் பிரச்சினையை இவ்வுருவம் கை உழைப்பின் தளத்திலே தீர்க்கின்றது எனலாம்.

சாம்ப்ளர் என்ற பெயரும் கருதத்தக்கது. முன்மாதிரி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினடியாகப் பிறந்த இது, ஐரோப்பியச் சிறுமியர் நெடுங்கணக்கையும் எண்களையும் பலவகைத் தையல்களையும் துணியிற் பூவேலையாகச் செய்து பழகிய மாதிரித் துணிக்கு முன்னர் வழங்கியது. எழுத்தறிவும் பணிவும் ஊசியின் வழியே ஒருங்கு புகட்டப்பட்டன. அவ்வகையில் இவ்வுருவத்தின் பிறப்பிலேயே அறிவும் அடக்குமுறையும் இணைந்துள்ளன. கட்டங்களின் பெயர்களும் சமூக வாழ்வின் பதிவுகளே. கரடியின் பாதம், யாக்கோபின் ஏணி, வெண்ணெய் கடையும் மத்து என வரும் பெயர்கள் குடியேற்ற விவசாய வாழ்வையும் விவிலிய அறிவையும் காட்டுகின்றன. மத்தைக் கண்டறியாத நகரத்துப் பெண்ணும் இன்று அக்கட்டத்தை அப்பெயராலேயே அழைக்கிறாள். உழைப்பு மறைந்த இடத்தில் அதன் பெயர் எஞ்சி நிற்கின்றது.

3

குவில்ற் பற்றிய ஐதிகங்களுள் மிக வலுவானது அதன் சிக்கனம் பற்றியதாகும். தொடக்ககாலக் குடியேறிகள் வறுமையினாற் கந்தைகளைச் சேர்த்துத் தைத்தனர், அதுவே இக்கலையின் தோற்றுவாய் என்பது பரவலான நம்பிக்கை. ஆயின் வரலாற்றுச் சான்றுகள் வேறு கூறுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் எளிய மக்கள் பெரும்பாலும் நெய்த கம்பளிகளையே போர்த்தினர். இறக்குமதியான அச்சுத்துணியாலான குவில்ற் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. துண்டு பொருத்திய கட்டப் போர்வை பரவலாவது 1830களிலும் 1840களிலுமாகும். மசச்சூசெற்ஸ் மாநிலத்து லோவல் நகரில் 1820களில் தொடங்கிய பெரும் ஆலைகளின் பின்னர், அச்சிட்ட பருத்தித்துணி மலிந்தமையே இதற்குக் காரணம். துண்டுகள் மிஞ்சுவதற்கு முதலில் துணி மிகவேண்டும். ஆகவே இது கைத்தொழிலுக்கு முற்பட்ட கிராமியக் கலையின் எச்சமன்று. ஆலைத்தொழில் ஈன்ற குழந்தையே.

அந்த ஆலைகளுக்குப் பருத்தி வந்தது தென் மாநிலங்களின் அடிமைத் தோட்டங்களிலிருந்து. அடிமைமுறையின்றிப் பருத்தியில்லை, பருத்தியின்றி நவீன கைத்தொழிலில்லை என்ற உறவை மார்க்ஸ் 1847இலேயே சுட்டிக்காட்டியுள்ளார். நூற்றவரும் நெய்தவரும் கிராமங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். 1834இலும் 1836இலும் வேலைநிறுத்தம் செய்தவர்கள். அவர்களே எழுதி வெளியிட்ட லோவல் ஒவ்வரிங் என்ற சஞ்சிகையில் 1845இல் துண்டுத்துணிப் போர்வை பற்றிய ஆக்கமொன்று அனெற் என்ற புனைபெயரில் வெளிவந்தது. துண்டு ஒவ்வொன்றையும் ஒரு பெண்ணின் வாழ்க்கைச் சம்பவமாக வாசிக்கும் அவ்வாக்கம், குவில்ற்றைப் பிரதியாகக் கொள்ளும் விமர்சன முறையின் முன்னோடி எனத்தகும். ஆலையில் ஆயிரமாயிரம் யார் துணியை முகமற்ற சரக்காக நெய்த பெண்களின் வட்டத்திலேயே அத்துணியின் துண்டுக்கு மீண்டும் முகம் கொடுக்கும் எழுத்தும் பிறந்தது தற்செயலானதன்று.

இத்தொடர்பில் மற்றோர் ஐதிகத்தையும் குறிப்பிடல் வேண்டும். தப்பியோடும் அடிமைகளுக்குக் கட்டங்களின் கோலங்கள் இரகசியக் குறியீடுகளாகப் பயன்பட்டன என்ற கதை, 1999இல் வெளியான நூலொன்றின் வழியே பெரும் புகழ் பெற்றது. அதற்குப் போதிய சான்றில்லை என வரலாற்றறிஞர் பலர் மறுத்துள்ளனர். ஆயினும் பள்ளிகளிலும் தையல் வகுப்புகளிலும் அக்கதை நிலைத்துவிட்டது. அதன் கவர்ச்சிக்குக் காரணம் உண்டு. குறியீட்டுக் கதை குவில்ற்றை விடுதலையின் பக்கம் நிறுத்துகின்றது. பருத்தியின் கதையோ அதனை அடிமைத்தனத்தின் விளைபொருளாகவும் காட்டுகின்றது. அடிமைமுறைக்கும் குவில்ற்றுக்குமான மெய்யான தொடர்பு கோலத்தில் மறைந்திருக்கவில்லை. அது துணியின் இழையிலேயே வெளிப்படையாக உள்ளது.

4

மாதிரிப் போர்வையின் தலைசிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்ளத்தக்கது வேர்மொன்ற் மாநிலத்து ஜேன் ஸ்ரிக்கிள் 1863இல் ஆக்கியதாகும். பெனிங்ரன் அருங்காட்சியகத்தில் அது இப்பொழுது பேணப்படுகின்றது. வரிசைக்குப் பதின்மூன்றாகப் பதின்மூன்று வரிசைகளில் 169 சிறு கட்டங்கள், அவற்றைச் சூழ்ந்து முக்கோணங்களாலான கரை, வளைந்து செல்லும் ஓரம் என அமைந்தது அது. கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தங்குலச் சதுரம். கைவிரல்களுள் அடங்கும் அவ்விடத்தில் சிலவேளை நாற்பதுக்கும் மேற்பட்ட துண்டுகள் பொருத்தப்பட்டுள்ளன.

மூலையொன்றில் அவர் சில சொற்களைத் தைத்துவைத்துள்ளார். போர்க்காலம் என்றும், 1863 என்றும், துண்டுகள் 5602 என்றும், தம் பெயரும். இவ்வாசகத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது? போர்வைகளிற் பெயரும் ஆண்டும் பொறிப்பது புதிதன்று. 1840களிற் பரவிய நினைவேட்டுப் போர்வைகளில், குறிப்பாகப் பொல்ரிமோர் நகரத்துப் போர்வைகளில், நட்பினர் பலர் கட்டங்களிற் கையொப்பமிட்டனர். ஸ்ரிக்கிளின் வாசகத்திற் புதுமையானவை இரண்டு. அவர் தம் வேலையை வரலாற்றின் நடுவே நிறுத்துகிறார். உள்நாட்டுப் போரின் உச்சகட்டம் அது. தென்பருத்தி தடைப்பட்டு வடக்கிலே பருத்தித்துணியின் விலை ஏறியிருந்த காலமும் அதுவே. அடுத்து, அவர் துண்டுகளை எண்ணிச் சொல்கிறார். அழகு பற்றியோ பக்தி பற்றியோ அன்பு பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. இருப்பது ஒரு கணக்கு.

இக்கணக்கை நாம் மிக முக்கியமானதாகக் கருதுகின்றோம். வீட்டுப் பெண்ணின் உழைப்பை எந்தப் பேரேடும் பதிவு செய்வதில்லை. வீட்டு வேலை சமூகத் தன்மையை இழந்து தனிப்பட்ட சேவையாகியதையும், சமூக உற்பத்தியிலிருந்து பெண் விலக்கப்பட்டதையும் ஏங்கல்ஸ் 1884இற் குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலில் விளக்கினார். கூலியில்லாத இடத்தில் அளவுகோலும் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் உழைப்பு உழைப்பாகவே தோன்றுவதில்லை. அதற்கு இருபத்தோராண்டு முன்னரே ஒரு வேர்மொன்ற் பெண் தம் உழைப்பைத் தாமே எண்ணி, அதனை ஆக்கப்பொருளின் பகுதியாகவே தைத்துவைத்தார். எதிர்ப்பு என இதனைக் கூறுதல் மிகையாகலாம். ஆயின் தன் உழைப்பைப் பற்றிய பிரக்ஞை என்பதில் ஐயமில்லை.

பிரெண்டா பாப்படாக்கிஸ் 1996இல் இக்கட்டங்களை வரைந்து நூலாக வெளியிட்டபின், பல நாடுகளிலும் ஏராளமானோர் அவற்றை ஒவ்வொன்றாகத் தைத்து வருகின்றனர். ஒருவர் தன் உழைப்பை எண்ணிய எண் இன்று பல்லாயிரவரின் இலக்காயிற்று.

5

மாதிரிக் கட்டங்களின் பரவல் வணிகத்தின் வரலாறுமாகும். கோலங்கள் முதலிற் கைமாறித் தாயிடமிருந்து மகளுக்கும் அயலாளுக்கும் சென்றன. 1889இல் சென்ற் லூயிஸ் நகரில் தொடங்கிய லேடீஸ் ஆர்ட் கம்பனி அவற்றுக்கு இலக்கமிட்டு நூற்றுக்கணக்கில் தபால் மூலம் விற்றது. கன்சாஸ் சிற்றி ஸ்ரார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கோலங்களை வெளியிட்டது. அவற்றுட் பல வாசகப் பெண்கள் அனுப்பியவை. பொதுவுடைமையாக இருந்த அறிவு இவ்வாறு பட்டியலாகவும் சரக்காகவும் மாறியது. அதே வேளை ஓர் ஊரில் அழிந்துபோகக்கூடிய கோலம் நாடெங்கும் நிலைபெற்றதும் இச்சரக்குமயத்தினாலேயே. முதலாளித்துவத்தின் இருமுகத் தன்மையை மறந்து இவ்வரலாற்றை எழுதுதல் இயலாது.

பெருமந்தத்தின் கடுமையான ஆண்டாகிய 1933இல், சிக்காகோ உலகக் கண்காட்சியையொட்டிச் சீயர்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய குவில்ற் போட்டி இதன் உச்சமாகும். மொத்தப் பரிசு 7500 டொலர். ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. வேலையற்றோர் நிறைந்த நாட்டில் இவ்வெண்ணிக்கை கலையார்வத்தை மட்டும் காட்டுவதன்று. முதற்பரிசு கென்ரக்கியிலிருந்து வந்த நட்சத்திரப் போர்வைக்குக் கிடைத்தது. அதனைத் தன் பெயரில் அனுப்பியவர் அதில் ஒரு தையலேனும் போட்டவரல்லர் என்பதும், துண்டு பொருத்தியவரும் தைத்தவரும் கூலிக்கமர்த்தப்பட்ட பெண்கள் என்பதும், பரிசில் அவர்களுக்குப் பங்கு கிட்டவில்லை என்பதும் பின்னாளைய ஆய்வுகளாற் புலப்பட்டன. வீட்டுக் கலையின் தூய்மையைக் கொண்டாடிய மேடையிலேயே மிகைப்பெறுமதியின் விதி இயங்கிற்று.

6

1971இல் நியூயோர்க் விற்னி அருங்காட்சியகத்தில் அமெரிக்கக் குவில்ற்றுகளின் அரூப வடிவமைப்பு என்ற பொருளிற் கண்காட்சியொன்று நிகழ்ந்தது. ஜொனதன் ஹோல்ஸ்ரைன், கேல் வான் டெர் ஹூவ் ஆகியோரின் சேகரிப்பு அது. போர்வைகள் ஓவியங்கள்போலச் சுவரிலே தொங்கவிடப்பட்டன. நவீன அரூப ஓவியம் கண்டடைந்தவற்றை இவை முன்னரே கண்டிருந்தன என விதந்துரைக்கப்பட்டது. குவில்ற் கலையென ஏற்கப்பட்ட நிகழ்வு என்பதால் அதன் முக்கியத்துவம் மறுக்கப்படலாகாது. ஆயின் எந்த நிபந்தனையின் பேரில் ஏற்கப்பட்டது என்பதே வினா. கட்டிலிலிருந்து சுவருக்கும், கையிலிருந்து கண்ணுக்கும் இடம்பெயர்ந்தபோது ஆக்கியவரின் வாழ்வும் நோக்கும் கழிக்கப்பட்டன. 1973இற் பற்றீசியா மைனார்டி எழுதிய கட்டுரை, பெண்களின் கலையை ஆண்களின் ஓவிய வரலாற்றுக்கு அடிக்குறிப்பாக்கும் இம்முறையைக் கண்டித்தது.

மாதிரிப் போர்வை இவ்வளவுகோலுக்கு எளிதில் அகப்படுவதன்று. தொலைவில் நின்று ஒரே பார்வையில் உள்வாங்கத்தக்க ஒருமை அதற்கில்லை. அருகே சென்று கட்டம் கட்டமாக வாசிக்கவேண்டிய பிரதி அது. உருவவாதி அதிற் சிதறலைக் காண்பான். தைத்துப் பழகியவள் அதில் ஒரு கல்வியின் வரலாற்றைக் காண்பாள். விமர்சகன் எவர் பக்கத்தில் நின்று நோக்குவது என்பது அழகியல் வினா மட்டுமன்று, வர்க்க நிலைப்பாடு பற்றிய வினாவுமாகும்.

படைப்பிலக்கியம் விமர்சனத்துக்கு முன்னரே இவ்வுண்மையை உணர்ந்திருந்தது. சுசான் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய அற்பங்கள் எனப் பொருள்படும் ஓரங்க நாடகத்தையும், 1917இல் அதனையே அவர் சிறுகதையாக்கியதையும் இங்கு கருதலாம். பத்திரிகையாளராக இருந்தபோது ஐயோவாவில் அவர் செய்தி சேகரித்த கொலை வழக்கொன்று அதற்கு அடிப்படை. கணவனைக் கொன்றதாகச் சிறைப்பட்ட பெண்ணின் வீட்டில் அதிகாரிகளாகிய ஆண்கள் தடயம் தேடுகின்றனர். உடன்வந்த பெண்கள் இருவர் அடுக்களையில் நிற்கின்றனர். முடிவுறாத மரக்குற்றிக் குடிற் கட்டங்கள் அவர்கள் கண்ணிற் படுகின்றன. ஒழுங்காகச் சென்ற தையல் ஒரு கட்டத்திற் திடீரெனத் தாறுமாறாகின்றது. அந்த மாறுதலிலே, அதனைத் தைத்தவளின் உள்ளம் நிலைகுலைந்த கணத்தை அவர்கள் வாசிக்கின்றனர். ஆண்கள் எள்ளி நகையாடிய அந்த அற்பத்திலேயே வழக்கின் திறவுகோல் உள்ளது. ஒருத்தி அத்தையலைப் பிரித்துச் சீராகத் தைக்கத் தொடங்குகிறாள், சான்று அழிகின்றது.

இப்படைப்பின் ஆற்றல் அதன் அறிவுக்கொள்கையில் உள்ளது. தையலை வாசிக்க முடிந்தமைக்குப் பெண்மையின் மர்மமான உள்ளுணர்வு காரணமன்று. அதே வேலையைத் தாமும் செய்தவர்கள் ஆதலால் அவர்களால் வாசிக்க முடிந்தது. உழைப்பைப் பகிர்ந்தோரிடையே மட்டும் பிறக்கும் அறிவு அது. சட்டத்தின் மொழி அறியாததை ஊசியின் மொழி அறிகின்றது.

அலிஸ் வோக்கர் 1973இல் வெளியிட்ட அன்றாடப் பயன்பாடு என்ற பொருள்படும் சிறுகதை இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. தென்மாநிலக் கறுப்பினக் குடும்பமொன்றில் மூதாட்டி துண்டு பொருத்திய போர்வைகள் இரண்டு உள. கல்விகற்று நகரிலிருந்து வரும் மூத்த மகள் அவற்றைப் பண்பாட்டுச் சின்னமாகச் சுவரில் மாட்ட விரும்புகிறாள். ஊரிலேயே தங்கிய இளையவளோ அவற்றைப் போர்த்திப் பயன்படுத்தக்கூடியவள். தாய் இளையவளுக்கே கொடுக்கிறாள். மரபைப் பயன்பாடாகவும் பார்வைப்பொருளாகவும் கொள்ளும் இரு நோக்குகளின் மோதலாகவே இக்கதை பெரும்பாலும் விளக்கப்படுகின்றது. எமது நோக்கில் தீர்க்கமான விவரம் வேறு. இளையவளுக்குக் குவில்ற் தைக்கத் தெரியும். பழையது கிழிந்தால் அவள் புதியது தைப்பாள். மூத்தவளிடம் இருப்பது போர்வை பற்றிய கருத்து. இளையவளிடம் இருப்பது போர்வையை ஆக்கும் அறிவு. விற்னி கண்காட்சிக்கு இரண்டாண்டுகளின் பின்னர் வெளிவந்த இக்கதையை அதற்கான மறுமொழியாகவும் வாசிக்கலாம்.

7

இனி, பொழுதுபோக்கு என்ற வினாவுக்கு வருவோம். ஆலைக் கம்பளி மலிந்தபின் போர்வைக்காகத் துண்டு பொருத்த வேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை. இன்று இதற்கென்றே துணி நெய்து அச்சிட்டு விற்கப்படுகின்றது. முழுத்துணியை விலைக்கு வாங்கி, துண்டாக்கி, மீண்டும் பொருத்துகின்றனர். சிக்கனத்தின் உருவம் நுகர்வின் உருவமாகத் தலைகீழாயிற்று. 1979இற் யப்பானிய நிறுவனமொன்று அறிமுகப்படுத்திய உருள்கத்தி வெட்டும் நேரத்தைக் குறைத்தது. அதன் விளைவாக மேலும் மேலும் துணி வாங்கப்பட்டது. இவற்றைச் சுட்டுவோரின் கண்டனத்தில் நியாயம் உண்டு.

ஆயின் அத்துடன் நின்றுவிடல் பொருள்முதல்வாத நோக்காகாது. பகல் முழுவதும் அலுவலகத்தில், தொழிற்சாலையில், மருத்துவமனையில், ஒரு பெரும் செயற்பாட்டின் சிறுகூறினை மட்டும் செய்துவிட்டு வரும் ஒருத்தி, மாலையில் ஏன் இந்த நுணுக்கமான, ஊதியமற்ற, அவசியமற்ற வேலையில் விரும்பி ஈடுபடுகிறாள்? மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிற் கூறிய அந்நியமாதற் கோட்பாடு இதற்கு விளக்கம் தருகின்றது. உழைப்பின் பொருளிலிருந்தும், உழைக்கும் செயலிலிருந்தும், சக மனிதரிலிருந்தும் அந்நியப்படுத்தப்பட்டவள் அவை மூன்றையும் சிறிதளவு மீட்கும் இடம் இது. திட்டமும் அவளது, வேகமும் அவளது, விளைபொருளும் அவளது. கோலம் வகுப்பதும் தைப்பதும் ஒரே கையில் உள்ளன. அவ்வகையிற் பொழுதுபோக்கு என்பது, அந்நியமாகாத உழைப்பு முதலாளித்துவத்தினுள் உயிர்வாழ அனுமதிக்கப்பட்ட சிறு ஒதுக்கிடமாகும். அது ஒதுக்கிடமாகவே இருத்தல் அதன் வரையறை. உயிர்வாழ்தல் அதன் உண்மை.

இவ்வரையறையைச் சில நிகழ்வுகள் தெளிவாக்குகின்றன. அலபாமாவிலே ஜீஸ் பெண்ட் ஊரினரும் அயலவருமான கறுப்பினப் பெண்கள் குடியுரிமைப் போராட்டக் காலத்தில், 1966இல், சுதந்திரக் குவில்ற் கூட்டுறவை அமைத்தனர். 1972இல் சீயர்ஸ் நிறுவனத்துக்கெனக் கோர்டுரோய்த் துணியில் தலையணை உறைகளை அவர்கள் தைத்தனர். ஒரே அளவு, ஒரே உருவம். அவ்வேலையில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு தமக்கெனத் தைத்த போர்வைகளோ, 2002இல் ஹூஸ்ரன் அருங்காட்சியகம் முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டு உலகப் புகழ் பெற்ற ஆக்கங்களுடன் எண்ணப்படுவன. அதே கை, அதே ஊசி, அதே துணி. வேறுபட்டது உற்பத்தி உறவு மட்டுமே. இதனினும் தெளிவான சான்று அழகியலுக்குத் தேவையில்லை.

ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் சேகரிப்பிலிருந்த பழம்போர்வைகளின் பிரதிகளைச் சீனாவில் உற்பத்தி செய்து விற்க உரிமம் வழங்கியதை 1992இற் குவில்ற் தைப்போர் எதிர்த்துக் கிளர்ந்தனர். பிரதி செய்யப்பட்டவற்றுள் ஹரியற் பவர்ஸின் விவிலியப் போர்வையும் ஒன்று. அடிமையாகப் பிறந்த அவர் 1886இற் காட்சிக்கு வைத்த அதனை விற்க முதலில் மறுத்து, பின்னர் வறுமையினால் ஐந்து டொலருக்கு விற்றவர். மரபு மலிவுச் சரக்காவதை எதிர்த்தோரின் சினம் நியாயமானதே. ஆயின் அப்பிரதிகளைத் தைத்த சீனப் பெண்களின் கூலி பற்றிய கேள்வி அச்சினத்தின் மையத்தில் இருக்கவில்லை. தன் உழைப்பின் மாண்பை உணர்ந்தவர்க்கும் பிறர் உழைப்பு புலப்படாமற் போகலாம் என்பதே பொழுதுபோக்குப் பிரக்ஞையின் எல்லையாகும்.

இது எமக்குப் புறம்பான வினாவுமன்று. 1978இற் கட்டுநாயக்காவில் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயத்திலும் அதன்பின் வந்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் பெருந்தொகையான இளம் பெண்கள் தைக்கும் ஆடைகளுக்கு ஐக்கிய அமெரிக்கா முக்கிய சந்தையாகும். ஒருத்தி கழுத்துப்பட்டியை மட்டும், மற்றொருத்தி கையை மட்டும் மணிக்கணக்குக்குக் குறித்த எண்ணிக்கையில் தைக்கிறாள். அவளும் துண்டுகளையே தைக்கிறாள். முழுமை அவளது கண்ணிற் படுவதில்லை. ஓரிடத்தில் எண்ணிக்கை உழைப்பவளின் பெருமிதமாகின்றது. மற்றோரிடத்தில் அதுவே அவளை விரட்டும் சாட்டையாகின்றது. ஸ்ரிக்கிளின் 5602ஐயும் கட்டுநாயக்காவின் நாளாந்த இலக்கையும் அருகருகே வைத்து நோக்காத எந்த விமர்சனமும் அரைகுறையானதே.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிவுகளைக் கூறலாம். முதலாவது, மாதிரிப் போர்வை தொன்மைக் கிராமத்தின் எச்சமன்று. பருத்தி முதலாளித்துவத்தின் விளைபொருள். அதன் அழகை அவ்வரலாற்றிலிருந்து பிரித்தல் பொய்ம்மையாகும். இரண்டாவது, அது வெறும் காட்சிப் பொருளன்று. கையினால் எழுதப்பட்ட அறிவுத் தொகுப்பு. அதனை வாசிப்பதற்கு ஆக்கமுறை பற்றிய அறிவு இன்றியமையாதது. மூன்றாவது, பொழுதுபோக்காகச் சுருங்கிய நிலையிலும் அது முழுமையான உழைப்பின் நினைவைக் காக்கின்றது. அந்நினைவைச் சிலரின் ஓய்வுரிமையாக விட்டுவிடாது, எல்லாரின் உழைப்புக்கும் உரிய இயல்பாக மாற்றுவது தையலறையில் நடைபெறக்கூடியதன்று. சமூக மாற்றத்தினால் மட்டுமே இயல்வது.

மார்க்சிய விமர்சனம் நாவலையும் கவிதையையும் நாட்டார் பாடலையும் ஆராய்ந்த அளவுக்கு வீட்டுப் பெண்களின் கைவேலையை ஆராயவில்லை. உழைப்பே மனிதனை ஆக்கியது என்ற அடிப்படையிலிருந்து புறப்படும் விமர்சன மரபு, உழைப்பின் தடயம் மிக நெருக்கமாகப் பதிந்துள்ள ஆக்கங்களைப் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடுதல் தன் அடிப்படையையே மறுப்பதாகும். கிளாஸ்பெல்லின் நாடகத்து அதிகாரிகளைப்போல அடுக்களையைக் கடந்து சென்று வேறெங்கோ சான்று தேடும் விமர்சகர்க்கு, சான்று பின்னால் இருந்த தையற்கூடையிலேயே கிடந்தது என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை.